செயிண்ட் ஜான்ஸ் தீவு: சிங்கப்பூருக்கு முன் ஒரு கரை

தேக்காவில் நாலு குடும்பங்கள் ஓரிடத்தில் கூடினால் டிசம்பர் விடுமுறைப் பேச்சில் இப்போது மால்டா, சிசிலி, கிரீட், சைப்ரஸ் என்ற பெயர்கள் சரளமாக அடிபடுகின்றன. மத்தியதரைக் கடலின் நீலத்தை நாடி நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் பணம் சேர்த்துத் திட்டமிட்டுப் புறப்படுவதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. உலகம் பார்க்க வேண்டியதுதான். ஆனால், நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் சிங்கப்பூர் மண்ணை மிதிப்பதற்கு முன்பே கால் வைத்து, குளித்து, சமைத்து, உறங்கி எழுந்த ஒரு தீவு, தெற்கே ஆறரை கிலோமீட்டர் தூரத்தில் கிடந்தும் நம் விடுமுறைக் கணக்கில் ஒருநாளும் இடம்பெறாமல் போவது எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருக்கிறது.

மலாய்க்காரர் இந்தச் செயிண்ட் ஜான்ஸ் தீவைப் புலாவ் செகிஜாங் பெண்டேரா என்பர். 1819 ஜனவரி 28-ல் ராஃபிள்ஸின் கப்பல்கள் இதனருகே நங்கூரமிட்டன என்பதற்கு மேல் அதன் பூர்வ சரித்திரத்தை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

நமக்குரிய சரித்திரம் 1874-ல் தொடங்குகிறது. முந்திய ஆண்டு நகரத்தில் காலரா பரவிப் பல உயிர்களைக் கொண்டுபோன பின், கப்பலில் வருவோரை ஊருக்குள் விடுமுன் தனித்து நிறுத்திப் பரிசோதிக்க இத்தீவில் முகாம் ஒன்று அமைக்கப்பட்டது. முதலில் சீனத் துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள், பின்னர் மெக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் யாத்ரீகர்கள், அவர்களோடு தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள் என்று மூன்று ஜன சமூகங்களின் வருகையையும் இந்தச் சிறு நிலம் தாங்கிற்று. 1930-களில் உலகின் மிகப் பெரிய நோய்த்தடுப்பு முகாம்களில் ஒன்றாக இது பிரசித்தி பெற்றிருந்தது.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாக இங்கு வந்த ‘ரஜூலா’வை அறியாத பழைய சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் இராது. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் வங்கக் கடலைக் கடந்து கடந்து, எத்தனையோ வம்சங்களை இக்கரையில் இறக்கிவிட்டது. அறையெடுத்து வந்த வசதியுள்ளோர் பெரும்பாலும் நேரே ஊருக்குள் போய்விட, பாயும் தகரப் பெட்டியுமாக டெக்கில் வந்தவர்களே இத்தீவில் இறக்கப்பட்டார்கள். அம்மை குத்தினார்கள், உடுத்த துணிகளை வாங்கிக் கிருமி நீக்கக் கொண்டுபோனார்கள், ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே குளிக்கச் சொன்னார்கள், பிறகு நீண்ட கொட்டகைகளில் நாட்களை எண்ணிக் காத்திருக்க வைத்தார்கள். கடல் கடந்து வந்த களைப்பும் ஊர் நினைவும் ஒருங்கே வாட்டிய அந்த நாட்களில், எந்தெந்த ஜில்லாக்காரர்களோ ஒரே அடுப்பைப் பங்கிட்டுக்கொண்டு, பின்னாளில் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண்ணெடுக்கும் அளவுக்கு உறவாகிப் போனதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவில் எதிர்க்கரையின் விளக்குகள் தெரியும் என்றும், “ஊரு கண்ணுக்குத் தெரியுது, போகத்தான் விட மாட்டேங்கிறான்” என்று பெண்கள் புலம்புவார்கள் என்றும் என் பாட்டி சொல்வார். அந்தப் புலம்பலும் ஒரு சமூகத்தின் ஆரம்ப அத்தியாயமே என்பதை நாம் ஏன் மறந்தோம்?

யுத்தத்துக்குப் பின் இதே தீவு அரசியல் கைதிகளின் வாசஸ்தலமும் ஆயிற்று. 1951-ல் கைதான சி. வி. தேவன் நாயர் இங்கே வைக்கப்பட்டிருந்தார். இளம் வழக்கறிஞராயிருந்த லீ குவான் இயூ அங்கே சென்று கைதிகளைச் சந்தித்தார். அந்தத் தேவன் நாயரே 1981-ல் இந்த நாட்டின் ஜனாதிபதியானார். 1955 முதல் அபின் அடிமைகளுக்குச் சிகிச்சை நிலையமாயிருந்த பின், எழுபதுகளின் நடுவில் தங்கும் விடுதியும் நீந்தும் குளமும் அமைத்து இதனை உல்லாசத் தீவாக மாற்றினார்கள்.

விடுமுறைப் பேச்சில் அடிபடும் அந்த மால்டாவின் வலேட்டா நகரையடுத்து மானுவல் தீவு என்று ஒன்றுண்டு; 1643-ல் பிளேக் நோய்க்கு அஞ்சி, வரும் கப்பல்காரரைத் தடுத்து நிறுத்த அங்கே கட்டிய கட்டடம் இன்றும் கரையோரம் நிற்கிறது. மால்டா போகும் நம் பிள்ளைகள் அதைப் பார்க்கும்போது, அதே நோக்கத்தில் பிறந்த இடமொன்று தங்கள் குடும்பச் சரித்திரத்திலேயே உண்டு என்று அறிந்து பார்க்க வேண்டாமா?

இன்றைய நிலையைச் சொல்லத்தான் வேண்டும். இத்தீவிலிருந்து பாலம் கடந்தால் லாசரஸ் தீவின் வெண்மணற் கரை. படகிலிருந்து இறங்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் செயிண்ட் ஜான்ஸ் தீவை ஒரு நடைபாதையாக மட்டுமே பயன்படுத்தி, லாசரஸ் கரைக்கு ஓடிப் படமெடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். 2017-ல் சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிதைவுகள் காணப்பட்டு அப்பகுதிகள் அடைக்கப்பட்டன. கடல் ஒதுக்கும் பிளாஸ்டிக் குப்பை ஒருபுறம், உண்டு எறிந்துவிட்டுப் போவோர் விட்ட குப்பை மறுபுறம். அதிகாரிகளைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்வதற்கில்லை. மலேசியக் கோயில்களுக்குப் பேருந்து பேருந்தாக யாத்திரை ஏற்பாடு செய்யும் நம் சங்கங்கள், முன்னோர் இறங்கிய இக்கரைக்கு ஒரு படகு பேசாமலிருப்பது வெட்கப்பட வேண்டிய அலட்சியம். அக்கொட்டகைகளில் படுத்தெழுந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்வதற்கு இனியும் காலம் தாழ்த்தலாகாது.

அடுத்த விடுமுறைத் திட்டத்தில் ஒரு பகலை இதற்கென ஒதுக்குங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி, டோபி காட்டில் மாறி, மரினா சவுத் பியரில் இறங்கினால் படகுத் துறை அருகிலேயே இருக்கிறது. கடலில் அரைமணி நேரம்தான். தீவில் உணவுக்கடையை நம்பிப் போகாதீர்கள். புளிச்சோறும் குடிநீரும் கட்டிக்கொள்ளுங்கள். கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கப்பலேறி வந்த முதியவர் ஒருவர் இருந்தால் அவரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்; அவர் சொல்வதை எழுதி வைத்து, கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.