கதவைத் தாண்டி வந்த சங்கீதம்

ஹோட்டல் என்றதும் உங்களுக்கு இட்லியும் சாம்பாரும்தான் ஞாபகம் வரும். எனக்கோ சங்கீதம் ஞாபகம் வருகிறது! சிரிக்காதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் மேல்நாட்டுப் பட்டணங்களிலே பெரிய ஹோட்டல்கள்தான் சபாக்களாக இருந்தன. அங்கே நடந்த கச்சேரிக்கு ஜாஸ் என்று பெயர். அதைக் கேட்க டிக்கெட்டு வாங்க வேண்டாம். வீட்டில் ரேடியோப் பெட்டி இருந்தால் போதும்.

லண்டனில் ஸவாய் ஹோட்டல் என்று ஒன்று இருக்கிறது. 1923இல் அதன் பக்கத்திலேயே பி.பி.சி. குடியேறியது. ஹோட்டலின் நடன மண்டபத்தில் வாத்தியக் கோஷ்டி வாசிக்கும், மேடையில் ஒரு மைக், அதிலிருந்து கம்பி வழியே நிலையத்துக்கு, அங்கிருந்து ஆகாயத்துக்கு! கைதட்டலும் பேச்சுச் சத்தமுங்கூடச் சேர்ந்தே வரும். கேட்பவர்களுக்குத் தாங்களும் அந்த மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

நியூயார்க்கில் 1919இல் திறந்த பென்சில்வேனியா ஹோட்டலிலிருந்து கிளென் மில்லரின் கோஷ்டி இப்படித்தான் நாடு முழுவதும் கேட்டது. அந்த ஹோட்டலின் டெலிபோன் நம்பரையே பெயராக வைத்து 1940இல் ஒரு பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார் மில்லர்! 2023இல் கட்டடத்தை இடித்துத் தீர்த்துவிட்டார்கள். பாட்டு மட்டும் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு வேதனையும் உண்டு. ஜாஸைப் பெற்று வளர்த்தவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். ட்யூக் எலிங்டன் என்ற மேதை 1927இல் நியூயார்க்கின் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் வாசிக்கத் தொடங்கினார். அங்கிருந்து வந்த ஒலிபரப்புத்தான் அவர் புகழை நாடெங்கும் கொண்டுபோயிற்று. ஆனால், மேடையில் வாசிப்பவர்கள் கறுப்பர்கள். எதிரே உட்கார்ந்து கேட்பவர்கள் வெள்ளையர்கள்! அவருடைய இனத்தார் வாசலில் வந்து நின்றால் உள்ளே விடமாட்டார்கள். வானொலிக்கு மட்டும் வாசல்காப்போன் கிடையாது.

எங்கள் வாணியம்பாடி வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். சிறு வயதிலேயே கணவரை இழந்தவள். கல்யாண வீடுகளில் நாயனம் கேட்கும்போது அவள் சமையற்கட்டில் இருப்பாள். மண்டபத்துப் பக்கம் வரமாட்டாள். யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். தோல் ஷாப்பில் கணக்கு எழுதிய சித்தப்பா வாங்கி வந்த ரேடியோதான் அவளுக்குச் சபை.

அண்ணா ஒருநாள் இரவு முள்ளைத் திருப்பி அமெரிக்க வானொலியின் ஜாஸைப் பிடித்தான். 1955இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. "இதென்னடா இரைச்சல்?" என்றாள் அத்தை. அவன் எலிங்டன் கதையைச் சொன்னான்.

"அடப் பாவமே! வாசிக்கிறவனுடைய சனத்துக்கு உட்கார இடமில்லையா?"

அவ்வளவுதான் கேட்டாள். அதன் பிறகு அந்த நிகழ்ச்சி வந்தால் எழுந்து போகவே மாட்டாள். என்ன புரிந்ததோ, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த ஜாஸ் நம் ஊருக்கே வேறு வழியாகவும் வந்தது, தெரியுமோ? பம்பாய்த் தாஜ்மகால் ஹோட்டலில் 1935இல் லியான் ஆபி என்ற கறுப்பர் தம் கோஷ்டியோடு வந்து வாசித்தார். பிறகு அதே ஹோட்டலில் கோவாக்காரரான சிக் சாக்லேட் டிரம்பெட் ஊதினார். அவர் இந்திப் பட இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுக்கும் உதவியாளராக இருந்தார். அந்த ராமச்சந்திராதான் 1958இல் நம் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு இசையமைத்தவர். பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடினார்களே, அந்தப் படந்தான்! ஹோட்டல் மண்டபத்துக் காற்று எப்படியெல்லாம் சுற்றி வருகிறது, பாருங்கள்.

இப்போது நினைத்த பாட்டு நினைத்த நேரத்தில் உங்கள் கைக்குள்ளேயே கேட்கிறது. சந்தோஷந்தான். ஆனால் அடுத்த முறை உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாயனம் ஒலிக்கும்போது, சமையற்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அங்கே யாராவது தனியே நின்று கேட்டுக்கொண்டிருந்தால், கையைப் பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.