மூன்று வாரத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி

எங்கள் வீட்டுக் கூடத்தில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, பங்கில் ஆண்டுதோறும் வாங்கும் நாட்காட்டி தொங்குவது வழக்கம். 2012-ஆம் ஆண்டு நாட்காட்டியில், திருநாள்களின் அச்செழுத்துகளுக்கிடையே, நான் சிவப்புப் பென்சிலால் இட்ட புள்ளிகள் சில உண்டு. ஜனவரி 9, ஜனவரி 30, பெப்ருவரி 20, மார்ச் 12. அந்தத் தாள்களை இன்றும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் மகளின் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது அந்தப் புள்ளிகளால்தான்.

மகள் 2004-இல் பிறந்தாள். இரண்டு வயது முதலே அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் புண்கள் தோன்றும். ஈறுகள் செக்கச்செவேலென வீங்கி, காலையில் தலையணை உறையில் இரத்தக் கறை இருக்கும். நான்கைந்து நாள்களில் எல்லாம் தணிந்து, குழந்தை ஓடி விளையாடுவாள். நாங்களும் மறந்து விடுவோம். ஐந்து வயது நிறையுமுன் பால் பற்கள் ஆடத் தொடங்கின. "பால் பல் ஆடாமல் என்ன செய்யும்?" என்றார்கள். அந்த வயதில் கடைவாய்ப் பல் ஆடுவது இயற்கையன்று என்பதை அறியாதவளாய் நானும் இருந்தேன்.

பழி என் மேல்தான் விழுந்தது. "பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துக் கெடுத்து விட்டாய். வாயைக் கழுவி விட்டால் ஏன் இப்படி நாறப்போகிறது?" என்று மாமியார் கடிந்துகொள்வார்கள். பள்ளி ஆசிரியை, "உங்கள் மகளுக்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல்" என்று சிரித்தார். அதில் ஓர் உண்மை மறைந்திருந்தது. அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்தேன். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுப் புண்ணில் வைத்தேன். குழந்தை அலறிய அலறல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. சுத்தக் குறைவுதான் காரணம் என்று நம்பி, அவள் கன்னத்தை இறுகப் பற்றிக்கொண்டு, கடினமான தூரிகையால் இரத்தம் வரும்வரை தேய்த்த நாள்களும் உண்டு. இதை எழுதக் கை கூசுகிறது.

2011-இல், ஆடிய பல் ஒன்றை ஒரு மருத்துவரிடம் பிடுங்கச் செய்தோம். அவர் இரத்தப் பரிசோதனை எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. மறுநாள் கன்னம் வீங்கி, கண் மூடிக்கொண்டு, காய்ச்சல் ஏறிற்று. 11 நாள்கள் மருத்துவமனையில் கிடந்தாள்.

அதற்குப் பின் பல் மருத்துவர் என்றாலே அஞ்சினேன். மறு ஆண்டு மார்ச் மாதம், பள்ளிப் பரிசோதனைக்கு வந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் என்னை அழைத்து அனுப்பினார். அவளுடைய வாயை நெடுநேரம் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பிறகு, "அம்மா, இந்தப் பற்களில் இருக்கிற அழுக்கு கொஞ்சம்தான். இவ்வளவு கொஞ்சம் அழுக்குக்கு இவ்வளவு பெரிய சேதம் வரக்கூடாது" என்றார். புதிதாக முளைத்த நிலையான கடைவாய்ப் பற்களைச் சுற்றிலும் எலும்பு கரையத் தொடங்கியிருந்ததைப் படத்தில் காட்டினார். "இந்தப் புண் கடைசியாக எப்போது வந்தது? அதற்கு முன் எப்போது?"

நான் நாட்காட்டியைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுத வசதியாக இருக்கட்டும் என்று அந்த ஆண்டுதான் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தேன். தேதிகளைக் கேட்டதும் அவர் விரல் விட்டு எண்ணினார். ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 21 நாள்கள், எல்லாம் திங்கட்கிழமைகள். அவர் முகம் மாறிற்று. அன்றே நகரத்து இரத்தநோய் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஆறு வாரங்கள், வாரத்துக்கு இருமுறை, சில வாரங்களில் மும்முறை, இரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை உண்டு. நம் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள சிறு பள்ளத்தில் கிருமிகள் இரவும் பகலும் குடியிருக்கின்றன; அவை உள்ளே புகாதபடி அங்கே ஓயாமல் வந்து காவல் நிற்பவை இந்த அணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500-க்குக் குறையாமல் இருக்க வேண்டியவை. 500-க்குக் கீழே போனால் ஆபத்து. ஏப்ரல் 23, திங்கட்கிழமை, என் மகளுக்கு அது 90. அடுத்த வாரம் 1,400. இடையில் ஒரு நாள் மட்டும் இரத்தம் எடுத்திருந்தால் எதுவும் தெரிந்திராது. இதனால்தான் இந்த நோய் பலரிடம் ஆண்டுக்கணக்கில் ஒளிந்துகொள்கிறதாம்.

அந்த நாள்களில்தான் புதுநன்மை குறுக்கிட்டது. மே 13, ஞாயிறு என்று பங்கில் அறிவித்திருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். அடுத்த சிவப்புப் புள்ளி மே 14. வாயெல்லாம் புண்ணாக, காய்ச்சலின் விளிம்பில் குழந்தை நிற்கும் நாள். பங்குத் தந்தையிடம் போய், அவளை மட்டும் அடுத்த வாரம் தனியே அனுமதிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தந்தை நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தனியே எதற்கு? எல்லாரும் 20-ஆம் தேதி வாங்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையில் இறங்கினார். ஆடை தைத்து முடித்த தாய்மார் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

நோயின் பெயர் சுழற்சி நியூட்ரோபில் குறைவு. பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கு. 1910-இல் அமெரிக்காவில் ஒரு குழந்தையிடம் இதை முதலில் விவரித்திருக்கிறார்கள். 1999-இல் இதற்குரிய மரபணுக் கோளாறு கண்டறியப்பட்டது. சாம்பல் நிறக் கோலி நாய்களுக்கும் இதைப் போன்ற நோய் உண்டு என்று மருத்துவர் சொன்னபோது, என் மகள் முதன்முறையாக ஆர்வத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு நாய் வளர்க்கலாமா என்பதே அவளுடைய கேள்வி.

"பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உங்களில் யாருக்கேனும் பற்கள் சீக்கிரம் விழுந்தனவா?" என்று மருத்துவர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. என் கணவர் 34 வயதிலேயே பல் செட்டு வைத்துக்கொண்டவர். அது இரவுதோறும் எங்கள் அலமாரியில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மிதக்கும். எத்தனையோ ஆண்டுகளாக அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காரணம் தேடியிருக்கிறோம். சிறு வயதில் அவருக்கும் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் வருமாம். வளர வளரத் தணிந்து விட்டதாம். அவருடைய இரத்தத்தையும் பார்த்தார்கள். அதே சுழற்சி, சற்று இலேசாக. வீட்டில் இதைக் கேட்ட மாமியார் அன்று முழுவதும் பேசவில்லை. இரவில் என் தட்டில் தாமே சோறு பரிமாறி, "நீயும் சாப்பிடு" என்றார்கள். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை.

எலும்பு மஜ்ஜையைத் தூண்டி அணுக்களைப் பெருக்கும் ஊசி மருந்து ஒன்று 1980-களின் இறுதியிலிருந்து இந்நோய்க்குப் பயன்படுகிறது. தோலுக்கடியில் நாள்தோறும் போட வேண்டும், நானே கற்றுக்கொண்டேன். அதைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் காக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை மறக்க முடியுமா? மீன் கடையிலிருந்து பனிக்கட்டி வாங்கி, மருந்துக் குப்பி அதில் நேரே படாதபடி துணி சுற்றி வைத்துக் காத்த இரவுகள் பல. சுழற்சி 14 நாள் அளவுக்குச் சுருங்கிற்று. அணுக்களின் வீழ்ச்சியும் ஆழம் குறைந்தது.

ஊசி போட்டால் ஈறு தானே காப்பாற்றப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பற்காரையை அகற்றுகிறோம், அணுக்கள் உயர்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, இரத்தநோய் மருத்துவரின் ஒப்புதலோடு. மிக மென்மையான தூரிகைதான். அதுவும் தாங்காத நாளில் ஈரத் துணியால் துடைப்போம். குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பற்பசை உபயோகித்து அரைமணி கழித்தே பயன்படுத்த வேண்டும். இல்லாவிடில் அதன் வலிமை குறையும். அது பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், நாக்கின் சுவையைக் கெடுக்கும். அவள் அதை வெறுத்தாள். முறுக்கும் முள் மிகுந்த மீனும் அந்த நாள்களில் கிடையா. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருப்பதில்லை, நள்ளிரவானாலும் மருத்துவமனைதான்.

அந்த மருத்துவமனைத் திண்ணையில் வேறு தாய்மாரையும் கண்டேன். ஒருவருடைய மகனுக்கு ஈறு பற்களை மூடும் அளவுக்கு வீங்கியதே இரத்தப் புற்றுநோயின் முதல் அடையாளம். இரத்தம் உறையாத நோயுள்ள ஒரு சிறுவன், இரத்தம் வருமென்று அஞ்சிப் பல் துலக்குவதையே விட்டிருந்தான். துலக்காததால் ஈறு அழன்று இன்னும் அதிகமாக வடிந்தது. தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கு, அவை 50,000-க்குக் கீழே இருக்கையில், அவசரமில்லாத பல் வேலைகளைத் தள்ளி வைப்பார்கள். ஆகவே, உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இத்தகைய நோய் இருப்பின், பல் மருத்துவரிடம் நாற்காலியில் அமருமுன் அதைச் சொல்லி விடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நான் அதற்கு 11 நாள்கள் விலை கொடுத்தவள்.

மகள் படிப்பை முடித்து இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். நிலையான பற்களில் இரண்டை இழந்தாள், மற்றவை நிற்கின்றன. அவளே ஊசி போட்டுக்கொள்கிறாள், அவளே தேதிகளையும் குறித்துக்கொள்கிறாள். ஆனாலும் டிசம்பரில் புது நாட்காட்டி வந்ததும், கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு இடிக்கு முன், நான் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். "அம்மா, எனக்குத்தான் தெரியுமே" என்று தொலைபேசியில் சிரிக்கிறாள். இருக்கட்டும் என்று எண்ணிக்கொண்டே போகிறேன். இந்த முறை அவள் தந்தையும் அருகில் அமர்ந்து, தம் பங்குக்கு நீலப் பென்சில் ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார்.