தகரக் கூரையும் ஜெனரேட்டரும்

குத்தகை வழக்கு என்றாலே பெரும்பாலும் வாடகை பாக்கிதான். இந்த வழக்கில் ஒரு மாத பாக்கிகூட இல்லை. கோத்தகிரிக்கு வெளியே, ஊராட்சி எல்லைக்குள், தேயிலைச் சரிவை ஒட்டி நிற்கும் பழைய தகரக் கூரை பங்களா அது. என் கட்சிக்காரர் கோயம்புத்தூரில் சிறப்பாசிரியராக இருந்தவர். அவருடைய மகனுக்கு ஆட்டிசம். பங்களாவை ஐந்து வருடத்துக்குப் பதிவுக் குத்தகைக்கு எடுத்து, ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ உள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வரும் குடும்பங்களுக்கென்றே தங்கும் விடுதி நடத்திவந்தார்.

அவர் முதலில் கழற்றிப்போட்டது டியூப்லைட்டுகளை. நமக்குத் தெரியாத மினுமினுப்பும் மெல்லிய ரீங்காரமும் அந்தப் பிள்ளைகளில் சிலரைப் பாடாய்ப்படுத்திவிடும். காலிங் பெல் போனது, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் போனது. சரிவுப் பக்கக் கதவுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வந்தது. சொல்லாமல் கிளம்பிப்போகும் பிள்ளைகள் உண்டு. மழை பெய்தால் தகரம் போடும் சத்தத்துக்காக நான்கு படுக்கையறைகளில் மரச்சட்டம் அடித்து, ராக்வூல் வைத்து, ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங் போட்டார். மாடியறை ஒன்றை மட்டும் பொருள் போட்டுவைக்க விட்டுவிட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது படங்கள். கேட், வாசற்படி, வலதுபக்கத் திருப்பம், கட்டில், தண்ணீர்க் குழாய் என்று வரிசையாக எடுத்து, குடும்பம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுவார். பிள்ளை தினமும் பார்த்துப் பழகிவிட்டுத்தான் வண்டி ஏறும். முதல் சந்திப்பிலேயே அவர் சொன்னார்: “சார், இங்க வர்றவங்க ரூமுக்குக் காசு கொடுக்கறதில்லைங்க. போட்டோவுல பாத்தது நேர்லயும் அப்படியே இருக்கும்ங்கற நம்பிக்கைக்குத்தான் கொடுக்கறாங்க.” வழக்கு முழுவதும் நான் வாதாடியது இந்த ஒன்றைத்தான்.

உரிமையாளர் எழுபதைக் கடந்தவர், கெட்ட மனிதர் அல்ல. அப்பா காலத்துப் பங்களா. தேக்கு உத்திரத்தில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பதறிவிட்டார். ஐந்து வருடம் கழித்துக் காலி செய்வார்களா என்ற பயமும் இருந்தது. சொத்து வைத்திருக்கும் யாருக்கும் வரும் பயம்தான். வக்கீல் நோட்டீஸ் வந்தது: கட்டமைப்பை மாற்றியது ஒப்பந்த மீறல், விருந்தாளிகளை வைத்திருப்பது உள்குத்தகை, 15 நாளில் காலி செய்க. அடுத்து உதகை நீதிமன்றத்தில் வெளியேற்ற வழக்கு.

நகரங்களுக்கான 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஊராட்சிக்குள் வராது. ஆகவே 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தைத்தான் இரு தரப்பும் புரட்டினோம். உள்குத்தகை வாதம் நிற்கவில்லை. இரண்டு இரவு தங்கிப்போகும் விருந்தாளி அனுமதிதாரர். அறையில் அவருக்குக் குத்தகை உரிமை எதுவும் பிறப்பதில்லை. குத்தகைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டை 1959-லேயே அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அலசிவிட்டது.

சீலிங் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. சம்மதமில்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது என்கிறது 108-ஆம் பிரிவு. ஆனால் குத்தகைதாரர் தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு, வாங்கிய நிலையில் கட்டடத்தை ஒப்படைக்கலாம் என்றும் அதே பிரிவே சொல்கிறது. இதில் எந்தப் பக்கம் விழுகிறது எங்கள் சீலிங்? நேரில் பார்த்துச் சொல்ல நீதிமன்றம் ஒரு கமிஷனரை நியமிக்க வேண்டும் என்று மனு போட்டோம்.

கமிஷனராக வந்தவர் ஓர் இளம் வழக்கறிஞர். ஐப்பசி மாதம், நல்ல மழை. தச்சர் ஏணி போட்டு ஒரு பலகையைக் கழற்றினார். மரச்சட்டம் சுவரில் பதித்த இரும்புத் தாங்கிகள்மேல் உட்கார்ந்திருந்தது. உத்திரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. கமிஷனர் டார்ச் அடித்து, உத்திரத்தின் கீழ்ப்பக்கம் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தார். ஓர் ஆணித்துளை இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். பிறகு மாடியறைக்குப் போனோம். தகரத்தில் மழை கொட்டுகிற கொட்டில் கமிஷனர் கேட்ட கேள்வி எனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்திக் கேட்டார். கீழே வந்து சீலிங் உள்ள அறையில் அதையே சாதாரணக் குரலில் கேட்டார். இரண்டையும் அறிக்கையில் எழுதினார். கமிஷனர் அறிக்கைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் காதுக்குள் என்ன நடக்கும் என்பதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த அறிக்கையாக எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

இன்னொரு பலவீனம் அவர்களுடைய நோட்டீஸிலேயே இருந்தது. மீறல் சரிசெய்யக் கூடியதென்றால், அதைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, நியாயமான அவகாசமும் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியேற்ற வழக்கு. 114-ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. “கழற்று” என்ற சொல்லே அந்த நோட்டீஸில் இல்லை.

நாங்கள் எதிர்க்கோரிக்கை வைத்தது ஜெனரேட்டரைப் பற்றி. பின்னால் இருந்த தன் சொந்தக் காட்டேஜுக்காக உரிமையாளர் பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி, படுக்கையறைச் சுவருக்கு அருகே நிறுத்தியிருந்தார். ஓர் இரவு மின்சாரம் போனது, அது கிளம்பியது. தங்கியிருந்த சிறுவன் கட்டிலுக்கடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். விடிந்ததும் அந்தக் குடும்பம் கிளம்பிவிட்டது. என் கட்சிக்காரர் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆனால் அந்த அளவு ஒரு நேரச் சராசரி. அந்தப் பிள்ளையை வதைத்தது சராசரி அல்ல, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிய முதல் நொடி. இரவு முழுக்க எடுத்த சராசரி 45-க்குள் அடங்கினாலும் அந்த நொடி அப்படியே இருக்கும். ஆகவே 108-ஆம் பிரிவில் உரிமையாளர் ஏற்கும் பொறுப்பைப் பிடித்துக்கொண்டோம்: வாடகை கொடுத்து ஒப்பந்தப்படி நடப்பவர் இடையூறில்லாமல் சொத்தை அனுபவிக்க வேண்டும். எந்தப் பயனுக்கு இந்த வீடு குத்தகைக்கு விடப்பட்டது என்பது பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது; அந்தப் பயனைக் கெடுப்பது இடையூறுதான் என்றேன்.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் படித்துக் காட்டினேன். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது; 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில்தான் அது இடம்பிடித்தது. தனியார் வீட்டுக்காரர் ஒருவரை அந்தச் சட்டம் நேரடியாகக் கட்டிப்போடும் என்று நான் சொல்லவில்லை. சீலிங்கும் தாழ்ப்பாளும் அலங்காரம் அல்ல, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எப்படியோ அப்படித்தான் என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்றேன். சாய்தளம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எவரும் கேள்வி கேட்பதில்லை. சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்துவைப்பது மட்டும் ஏன் செல்லம் கொடுப்பதாகத் தெரிகிறது? இந்தக் கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை. 2024 நவம்பரில் ரஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்சத் தரங்களைத் தனியே வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் வழக்குக்கு அது கிடைக்கவில்லை.

நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்பினார். முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு, அங்கே உரிமையாளர் முதலில் கேட்டது: “என் வீட்டுக்குள்ள நான் போக யார்கிட்டம்மா அனுமதி கேக்கணும்?” என் கட்சிக்காரர் பதில் பேசாமல் படங்களின் வரிசையைக் காட்டினார். கேட் பச்சை நிறத்தில் இருந்தது. “ஐயா, போன மாசம் நீங்க இதுக்கு நீலம் அடிச்சுட்டீங்க. அந்த வாரம் வந்த பையன் வண்டியை விட்டு இறங்கவே ஒரு மணி நேரம் ஆச்சுங்க.” பெரியவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். “அதத்தாங்க ஐயா நானும் கேக்கறேன்.”

அதற்குப் பிறகு ஷரத்துகள் எழுதுவது சுலபமானது. சீலிங்குக்கு எழுத்துபூர்வ சம்மதம். ஜெனரேட்டர் காட்டேஜுக்குப் பின்புறம், ஒலித்தடுப்புப் பெட்டிக்குள். 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டுத்தான் உரிமையாளர் வருவார். வெளிப்புறத்தில் பெயின்ட், விளக்கு, கேட் எதை மாற்றினாலும் 15 நாள் முன்னறிவிப்பு, படங்களை மாற்றிக்கொள்வதற்காக. நான் எழுதிய குத்தகை ஷரத்துகளில் இந்தக் கடைசி ஷரத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம். இப்படிப்பட்ட விடுதிக்கு யார் பத்திரம் எழுத வந்தாலும் முதலில் அதைத்தான் சேர்க்கிறேன். சமரசத்தில் முடிந்ததால் நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைத்தது.

குத்தகைக் காலம் முடியும்போது சீலிங்கைக் கழற்றிச் சுவரைச் சரிசெய்து தர வேண்டும், அல்லது உரிமையாளர் தேய்மானம் போக விலை கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தோம். இப்போது பெரியவர் சீலிங் அங்கேயே இருக்கட்டும் என்கிறார். மேலும் ஐந்து வருடத்துக்குக் குத்தகையைப் புதுப்பிக்கவும் தயார். சீலிங்கின் விலைதான் இன்னும் படியவில்லை.