குழல் மாற்றிய கதை

தேய்ந்துபோன துப்பாக்கிக் குழலைக் கழற்றிவிட்டுப் புதுக்குழல் பொருத்துவது உலகெங்கும் நடக்கும் வேலைதான். அப்போது பழைய தோட்டாவுக்கே குழல் அமைப்பதா, வேறு தோட்டாவுக்கு மாறுவதா என்ற கேள்வி எழும். அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவருக்கு அது மாலைப்பொழுதை இனிதே கழிக்க உதவும் கேள்வி. எந்த விலங்கு, எவ்வளவு தொலைவு, தோள் தாங்கும் உதைப்பு எவ்வளவு, தோட்டா எளிதில் கிடைக்குமா என்று கணக்குப் போட்டு முடிவுக்கு வருவார். நம் நாட்டில் அக்கேள்வியை அரசே கேட்டது; விடையையும் அரசே சொன்னது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கியை மாற்றியமைப்பதே குற்றம்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். செம்மண்டலத்தில் குடியிருந்து, நாள்தோறும் சிதம்பரம் பக்கம் பேருந்தில் போய்வரும் நமக்குப் பாடம் நடத்துவதோடு தேசிய மாணவர் படைப் பொறுப்பும் சில ஆண்டுகள் வாய்த்தது. வில்லையும் வேலையும் ஏட்டில் மட்டுமே கண்ட கைக்கு .22 துப்பாக்கி வந்துசேர்ந்தது அவ்வாறுதான்.

போல்ட் ஆக்‌ஷன் எனப்படுவது நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை ஒத்தது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, முன்னே தள்ளி, கீழே மடக்கினால் தோட்டா அறைக்குள் பூட்டப்படும். தோட்டாவை மாற்றுவதென்றால் குழலை மட்டும் மாற்றினால் போதாது. தாழின் முகம் புதிய தோட்டாவின் அடியைப் பற்ற வேண்டும். பெட்டியிலிருந்து தோட்டா தடையின்றி ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெடிப்பின் அழுத்தத்தை இரும்பு தாங்க வேண்டும். இவை தொழில்நுட்பக் கேள்விகள். யார் கையில் கொடுக்கப் போகிறோம் என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் முந்தியது.

முகாம் ஒன்றில் பழைய வகை .22 துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்த கிள்ளை மாணவர் ஒருவர், "ஐயா, துப்பாக்கி இவ்வளவு கனமாக இருக்கிறது, தோட்டா மட்டும் ஏன் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அது பிறவியில் .303 லீ-என்ஃபீல்டு. பயிற்சிக்கென்று அதன் குழலுக்குள் சிறுகுழலைச் செருகியோ, புதுக்குழல் பொருத்தியோ, தாழின் தலையை மாற்றியோ .22 ஆக்கினார்கள். .303 குண்டின் எடை 11.3 கிராம்; .22 குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம். பிடியும் கனமும் படைவீரனுடையவை. ஓசையும் செலவும் உதைப்பும் மாணவனுக்கு ஏற்றவை. குழல் மாற்றிய கதைகளுள் குற்றம் சொல்ல முடியாதது இது ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

மற்றவை அப்படியல்ல. 1857இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாவிலிருந்து மூண்ட நெருப்பை எல்லோரும் படித்திருக்கிறோம். அதற்குப்பின் நடந்ததைப் பாடநூல்கள் சொல்வதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஒரு துப்பாக்கியைச் செய்தார்கள். வெளித்தோற்றத்தில் அதே என்ஃபீல்டு, ஆனால்.577 அங்குலத் துளை ஏறத்தாழ .65 அங்குலமாக அகன்று, குண்டைச் சுழற்றிவிடும் உட்பள்ளங்கள் இல்லாத வழவழப்பான குழலாகிவிட்டது. சுழலாத குண்டு நூறு கஜத்துக்கு அப்பால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிப்பாயின் தோளில் துப்பாக்கி இருக்கும். வெள்ளைப் படையினரின் துப்பாக்கிக்கு அது ஈடாகாது. அதன் பின்னரும் நெடுங்காலம், வெள்ளையர் கழித்த ஆயுதமே இந்தியருக்கு வந்தது.

அந்த அச்சத்தின் அடுத்த குழந்தை .410 மஸ்கட். .303 துப்பாக்கியின் குழலைப் பள்ளமின்றி அகலமாக்கி, தோட்டாப் பெட்டியை மரக்கட்டையால் அடைத்துவிட்டார்கள். ஒரு முறைக்கு ஒரே தோட்டா. கழுத்துக் குறுகாத .303 பித்தளைக் கூடுதான் அதன் தோட்டா. காவலரிடமும் சிறைக் காப்பாளரிடமும் இதைக் கொடுத்தார்கள். கூட்டத்தைக் கலைக்கப் போதும். பறித்துக்கொண்டு ஓடுபவனுக்குப் படையின் தோட்டா பயன்படாது.

வேட்டைக்காரரும் தப்பவில்லை. 1900களின் முதற்பத்தாண்டில், படைத்தோட்டாவோடு ஒத்துப்போகும் .303, .450 அளவுகளை இந்தியாவில் தனியாருக்குத் தடுத்தார்கள். இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று நூலிழை வேறுபாட்டில் புதிய தோட்டாக்களைப் படைத்தன. இன்று ஆப்பிரிக்க யானை வேட்டையின் பெருமையாகப் பேசப்படும் .470, இந்தியாவின் மீதான ஐயத்தில் பிறந்தது என்பது வேடிக்கைதான்.

ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது என்றும் சொல்வதற்கில்லை. நம் செம்மண்டலத்துக்கு வடக்கே பதினைந்து கல் தொலைவில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகிய வாஞ்சிநாதன்தான் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டார். ஆனால் அவர் கையில் இருந்தது பெல்ஜியத்துப் பிரௌனிங் கைத்துப்பாக்கி. அரசின் அளவுக் கணக்குகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெள்ளையர் போனார்கள்; கணக்கு போகவில்லை. 1962ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் .303, 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கிகளை மட்டுமன்றி, அப்படைத்தோட்டாக்களை ஏற்றிச் சுடவல்ல வேறெந்தத் துளையையும் விலக்கின; .410 மஸ்கட்டும் அவ்வரிசையில் உண்டு. குடிமகனுக்கென்று கல்கத்தாவுக்கு வடக்கே, மங்கள் பாண்டேயின் பாரக்பூருக்கு அருகிலுள்ள இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் .315 துப்பாக்கி உருவானது. அதே லீ-என்ஃபீல்டு உடல். தோட்டாவோ ஆஸ்திரியப் படையின் பழைய எட்டு மில்லிமீட்டர் மான்லிக்கர். இந்தியப் படையிடம் இல்லாத தோட்டா என்பதே அதன் முதல் தகுதி. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை என்ற காரணமும் போய்விட்டது.

அதே இச்சாப்பூரில் தொழில்நுட்பம் முதலிடம் பெற்ற ஒரு தேர்வும் நடந்தது. 1962இல் சீனப்போர். படை 7.62 தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆனால் எல்லோருக்கும் போதுமான தானியங்கித் துப்பாக்கி இல்லை. பழகிய கைகளும் பழைய எந்திரங்களும் லீ-என்ஃபீல்டுக்கே இருந்தன. ஆகவே அதையே வலுவான எஃகில், 7.62க்கு ஏற்றதாகச் செய்தார்கள். 2ஏ என்றும், சற்றுத் திருத்தி 2ஏ1 என்றும் பெயர். .303 தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு உண்டு; அடுக்கும்போது ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் பின்னால் சிக்கினால் தோட்டா ஏறாது. 7.62க்கு அத்தொல்லை இல்லை. பித்தளைக் கூடும் 56 மில்லிமீட்டரிலிருந்து 51ஆகக் குறைந்தது. பத்துத் தோட்டாப் பெட்டி பன்னிரண்டானது. படை முழுமைக்கும் ஒரே தோட்டா என்ற நோக்கம் தெளிவானது. இந்த ஒரு முடிவை எந்த வேட்டைக்காரரும் பாராட்டுவார்.

.303 காவலரிடம் தங்கிவிட்டது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை ரயில் நிலையத்தில் ஏகே வகைத் துப்பாக்கிகளோடு வந்தவர்களுக்கு எதிரே காவலர் சிலர் அதை ஏந்தி நின்றனர். உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் அதற்கு விடைகொடுத்தது. நம் மாணவர்களில் ஆண்டுதோறும் சிலர் காவலர் தேர்வு எழுதுகிறார்கள். யாருக்கு எதை நம்பிக் கொடுப்பது என்று எங்கோ ஓர் அறையில் முடிவுசெய்கிறவர்கள், அதை ஏந்தி நிற்கப்போகிற பையனை நினைத்துப் பார்ப்பதுண்டா என்ற கவலை நமக்கு அப்போதெல்லாம் வரும்.

கடலூரில் ஒரு வங்கியின் வாசலில் காவலர் ஒருவர் நிற்கிறார். படையில் பதினேழு ஆண்டுகள் 7.62 சுட்டவர். இப்போது அவர் தோளில் தொங்குவது பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டோம். "லைசென்ஸ் இதுக்குத்தான் சார் இருக்கு" என்றவர், சட்டைப்பையிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்துக் காட்டினார். வாங்கி ஆறு ஆண்டாயிற்றாம். சிவப்பு நிறம் வெளுத்திருந்தது.