பனிக்கடலுக்கும் உரம் வேண்டும்!

வாசகர்களே, உலகப் படத்தை விரித்து வையுங்கள். தென்னமெரிக்காவின் தென்கோடியிலிருந்து கிழக்கே விரலை நகர்த்துங்கள். அட்லாண்டிக் பெருங்கடலில் சிறு கீற்றுப்போல் ஒரு தீவு தெரியும். அதுதான் தென் ஜார்ஜியா. நீளம் சுமார் 165 கிலோமீட்டர். விமானத் தளம் கிடையாது, கப்பலில்தான் போகவேண்டும். நிலையான குடிமக்களும் இல்லை. எங்கு நோக்கினும் பனி மலைகள்!

அங்கே என்ன இருக்கப்போகிறது என்கிறீர்களா? கோடைக்காலத்தில் சில கரைகளில் கால்வைக்கவே இடமிராது. இலட்சக்கணக்கான பென்குயின்களும் கடல்நாய்களும் நிறைந்திருக்கும். இத்தனை வயிறுகளுக்கும் தீனி போடுவது அந்தக் குளிர்ந்த கடல்தான்.

கடலிலும் பயிர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிதான் அந்தப் பயிர். அதைக் கிரில் தின்கிறது. பெலாச்சான் செய்யும் கூனி இறாலைப் பார்த்திருப்பீர்கள். கிரிலும் பார்வைக்கு அப்படித்தான், ஆனால் சற்றுப் பெரியது. அந்தக் கிரிலைப் பென்குயினும் திமிங்கலமும் தின்கின்றன.

உரமில்லாத மண்ணில் கன்று தேறாது. நிழல் மூடினாலும் தேறாது. தோட்டத்தில் வாழும் உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? பாசிக்கும் அதே கதைதான். ஜூன் மாதம் அங்கே கடுங்குளிர். பகல் 7 மணி நேரமே. புயல் கடலைக் கலக்கி, பாசியை வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கு இழுத்துவிடும். ஆனால் அதே புயல்தான் அடியிலுள்ள சத்துக்களை மேலே கொண்டுவருகிறது. டிசம்பரில் பகல் 17 மணி நேரம் நீளும். பாசி மளமளவென்று பெருகும்.

அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள கடலில் மற்றச் சத்துக்கள் ஏராளமாக இருந்தும், பல பகுதிகளில் பாசி குறைவு. இரும்புச் சத்துப் போதாததே காரணம் என்று 1990இல் அமெரிக்க அறிஞர் ஜான் மார்ட்டின் கூறினார். 1999இல் விஞ்ஞானிகள் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே கடலில் இரும்புச் சத்தைக் கரைத்துவிட்டுப் பார்த்தார்கள். பாசி பெருகியது, துணைக்கோளின் கண்ணுக்கும் அது தெரிந்தது!

தென் ஜார்ஜியாக் கடலுக்கு இந்த உரத்தைப் போடுவது தீவேதான். பனியாறுகள் அரைக்கும் பாறைத்தூளிலிருந்தும் கரையோரக் கடலடிச் சேற்றிலிருந்தும் இரும்பு நீரில் கலக்கிறது. திமிங்கலத்துக்கும் இதில் பங்குண்டு. கிரிலைத் தின்று அது கழிக்கும் கழிவில் இரும்பு மிகுதி. தின்றதை உரமாகத் திருப்பித் தரும் பிராணி அது!

மனிதன் என்ன செய்தான்? 1904இல் அத்தீவின் கிரிட்விக்கனில் திமிங்கல எண்ணெய் ஆலை எழுந்தது. அப்பெயருக்குக் 'கொப்பரைக் குடா' என்று பொருள். 1960களின் நடுப்பகுதிக்குள் தீவின் ஆலைகளில் ஏறத்தாழ 175,000 திமிங்கலங்கள் வெட்டப்பட்டன. பிறகு வேட்டையாடத் திமிங்கலமே கிடைக்கவில்லை. ஆலைகள் மூடப்பட்டன. எண்ணெய் காய்ச்சிய கலன்கள் இன்றும் துருப்பிடித்து நிற்கின்றன.

வணிக வேட்டையை நிறுத்த 1982இல் உலக நாடுகள் முடிவு செய்தன. 2020இல் தீவைச் சுற்றி ஆராய்ந்தவர்கள் 55 நீலத் திமிங்கலங்களைக் கண்டு மகிழ்ந்தார்கள். மெல்ல மெல்லத் திரும்பி வருகின்றன, கடலுக்கு உரம் போடும் அந்தப் பெரிய பிராணிகள்.

எடுக்க மட்டுமே தெரிந்தவன் கையில் எந்த நிலமும் நிலைக்காது. கடலும் அப்படித்தான், வாசகர்களே!