அப்பா வச்ச எலுமிச்சை

ராஜபாளையத்து வீட்டை விக்கறதுன்னு முடிவானதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது கொல்லையில நிக்கற எலுமிச்சை மரம்தான். புளியங்குடி சந்தையில அப்பா வாங்கிட்டு வந்த பழத்தோட விதை. இருபது வருஷ மரம். வீட்டை வாங்கறவர் அந்த இடத்துல கார் ஷெட் போடப்போறாராம். ஹூம்...

ஒரு பதியன் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கற என் வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்னு பார்த்தா, இலை, காய் எல்லாம் சொறி. அக்கா சொன்னா: "அப்பா உனக்கு சர்க்கரையைக் குடுத்த மாதிரி, மரமும் கன்னுக்கு சொறியைக் குடுத்துரும்டா. விட்டுரு."

மனசு கேக்கல. தெரிஞ்ச ரிட்டயர்டு தோட்டக்கலை அலுவலர் ஒருத்தரைப் போய்ப் பார்த்தேன். சிரிச்சார்.

"பதியன் போட்டாத்தான் தம்பி நோயும் கூடவே வரும். விதை போடுங்க. சொறி நோய் பாக்டீரியா. மழைச்சாரல்லயும் காத்துலயும் பரவும், விதை வழியா வராது. டிரிஸ்டிசா வைரஸ் அசுவினியாலயும் ஒட்டுக் கட்டறதாலயும் பரவுது. அதுவும் விதையில வராது."

அப்போ விதையில ஆபத்தே இல்லையான்னு கேட்டேன். இருக்காம். பைட்டாப்தோரான்னு ஒரு பூஞ்சாணம். மண்ணுல கிடக்கற பழத்துல ஏறி விதைக்கும் போயிடும். நாத்து அழுகறது, தண்டுல பிசின் வடியறது எல்லாம் இதோட வேலைதான். அதனால கீழ விழுந்த பழம் வேண்டாம், மரத்துலயே பறிக்கணும். விதையைக் கழுவி 52 டிகிரி வெந்நீர்ல 10 நிமிஷம் வச்சு, காயவிடாம உடனே ஊனணும்.

வீட்ல இருக்கற காய்ச்சல் தெர்மாமீட்டர் 42 டிகிரியோட நின்னு போச்சு :) பால் சொசைட்டியில வேலை பாக்கற நண்பன்கிட்ட கடன் வாங்கி, அடுப்பையும் தெர்மாமீட்டரையும் மாத்தி மாத்திப் பாத்து ஒருவழியா முடிச்சேன். அம்மணி பக்கத்துல நின்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க.

பல நாள் கழிச்சு முளை வந்துச்சு. ஒரு விதையிலிருந்து ரெண்டு! பயந்துபோய் போன் போட்டேன். "எலுமிச்சையில அது சகஜம் தம்பி. பெரும்பாலும் அதுல ஒண்ணாவது அப்படியே தாய் மரத்தோட நகலா இருக்கும்"னார்.

நாளைக்கு இந்தக் கன்னுக்கும் சாரல்ல சொறி வரலாம். வரட்டும், பாத்துக்கலாம். அப்பா மரம் குடுத்து அனுப்பல, அது போதும்.

ரெண்டுல ஒண்ணு அக்காவுக்கு.