தூண்கள் நிற்கட்டும்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். காலை வழிபாடு முடிந்து வரிசையாக வகுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். விளையாட்டு ஆசிரியை என்னை அருகில் அழைத்து, “இந்த ஆண்டு கால்பந்து அணிக்கு நீதான் தலைவி” என்றார்கள். என் மனம் துள்ளிக் குதித்தது. மாலையில் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வீட்டு அத்தையிடமும் சொன்னேன். காய்கறிக்காரப் பாட்டியையும் விட்டுவைக்கவில்லை.

இரவில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அணியின் பட்டியலை எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மை விளங்கியது. சென்ற ஆண்டு ஆடிய பதினொரு பேரில் ஏழு அக்காமார்கள் பிளஸ் டூ முடித்துப் போய்விட்டார்கள். சிலர் அடையாற்றிலும் சிலர் தியாகராய நகரிலும் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது நாலே பேர்! பற்கள் விழுந்த வாயைப் போல இருந்தது என் பட்டியல்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிலிருந்து சிறுமிகளைச் சேர்த்து அணியை நிரப்பினோம். ஆகஸ்டு மாதம் முதல் போட்டி. ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு கோல் வாங்கினோம். நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. ஆட்டம் முடிந்ததும் எனக்கு வந்த கோபத்தில், கோல் காத்து நின்ற எட்டாம் வகுப்புத் தங்கையைப் பார்த்து, எல்லார் முன்னிலையிலும், “உன்னால்தான் தோற்றோம்! பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவள் எதற்கு ஆட வந்தாய்?” என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையுறைகளைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

இதை என் தாத்தாவிடம் மட்டும் சொன்னேன். தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாந்தோமிலேயே பிறந்து வளர்ந்தவர். சிறு வயதில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்தவர். நம் ஊர் அணியான சென்னையின் எஃப்.சி. என்றால் அவருக்கு உயிர். என்னை முதன்முதலில் நேரு விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப் போனவரும் அவரே. 2025 ஜனவரி 30 அன்று, நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிப் பெரியமேட்டுக்குப் போனோம். எதிர் அணி கேரளா பிளாஸ்டர்ஸ். நம்மவர்கள் 1-3 என்று தோற்றார்கள். திரும்பும் வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தாத்தாவோ சுண்டல் பொட்டலத்தை நீட்டி, “சாப்பிடு கண்ணு, அடுத்த ஆட்டம் இருக்கு” என்றார்.

நான் கோல்காப்பாளரைத் திட்டிய கதையைக் கேட்டதும் தாத்தா என்னைக் கண்டிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்டிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். அதில் சென்னையின் அணி ஒவ்வோர் ஆண்டும் இந்தியன் சூப்பர் லீக்கில் எந்த இடம் பெற்றது, யார் பயிற்சியாளர் என்று நீல மையில் எழுதியிருந்தது. அன்று இரவு அந்த டைரியிலிருந்து நான் கற்றதை என் தோழிகளுக்கும் சொல்ல விரும்பியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த அணி 2014-இல் தொடங்கியது. நடிகர் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் வீரர் தோனியும் அதன் உரிமையாளர்களில் அடங்குவர். 2006-இல் உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியில் ஆடிய மார்கோ மட்டராசிதான் முதல் பயிற்சியாளர். முதல் ஆண்டிலேயே பட்டியலில் முதலிடம்; ஆனால் அரையிறுதியில் தோல்வி. 2015-இல் ஒரு கட்டத்தில் கடைசி இடத்துக்கே இறங்கியது. அந்த டிசம்பரில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைக்கூடப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. இறுதிப் போட்டி கோவாவில் நடந்தது. 87-ஆம் நிமிடத்தில் கோவா அணி 2-1 என முன்னேறியது. அதன் பிறகு எஞ்சிய சில நிமிடங்களில் எதிரணியின் சுயகோல் ஒன்றும் நம்மவர்கள் போட்ட கோல் ஒன்றும் சேர, கோப்பையை வென்றார்கள்! “அன்னிக்கு நம்ம தெருவுல பாதி வீட்ல இன்னும் சேறு வாரிட்டிருந்தாங்க” என்றார் தாத்தா.

2018 மார்ச் 17-இல் இங்கிலாந்துக்காரரான ஜான் கிரகரியின் பயிற்சியில் இரண்டாவது கோப்பை. பெங்களூரில், பெங்களூரு அணியையே 3-2 என வென்றார்கள். அதற்கு முந்தைய அரையிறுதியில் கோல் போட்டவர்களில் ஒருவர் நம் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ்.

“அடுத்த வருஷம் பாரு” என்று தாத்தா பக்கத்தைப் புரட்டினார். பத்து அணிகளில் பத்தாவது இடம்! கோப்பை வென்ற அதே பயிற்சியாளர்தான் அந்த ஆண்டும். எனக்கு வியப்பாக இருந்தது. 2019 டிசம்பரில் கிரகரிக்குப் பதிலாக ஓவன் கோய்ல் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த அணி அவர் வந்த பிறகு எழுந்து இறுதிப் போட்டிவரை போயிற்று. அதில் தோற்றாலும் போன உயரம் பெரிது. ஆனால் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். பிறகு மூன்று பருவங்களில் மூன்று பயிற்சியாளர்கள்: ஹங்கேரியின் சாபா லாஸ்லோ, மாண்டினீக்ரோவின் பாண்டோவிச், ஜெர்மனியின் பிரடாரிச். மூன்று பருவங்களிலும் எட்டாவது இடம்!

“மூணு வருஷத்துல மூணு மேஸ்திரி மாத்தினா சுவர் எப்படிம்மா நிக்கும்?” என்று கேட்டார் தாத்தா.

நான் விடவில்லை. “தாத்தா, கோய்ல் 2023-இல் திரும்பி வந்தாரே? இரண்டு ஆண்டு இருந்தாரே? முதல் ஆண்டு ஆறாவது இடம், சரி. இரண்டாம் ஆண்டு பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது இடம்தானே? அப்படியானால் பயிற்சியாளரை மாற்றாமல் இருந்தால் மட்டும் போதாதே!” என்றேன்.

தாத்தா சிரித்தார். “அதான் கேள்வி” என்று சொல்லி, வீரர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். லீக் தொடங்கிய ஆண்டுகளில் ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்களைக் களத்தில் இறக்கலாம். 2017-இல் அது ஐந்தாயிற்று. 2021-இல் நான்காயிற்று. ஆகவே களத்தில் நிற்கும் பதினொரு பேரில் ஏழு பேர் இந்தியர்களாக இருந்தாக வேண்டும். நல்ல வெளிநாட்டு வீரரை ஓராண்டு ஒப்பந்தத்தில் வாங்கிவிடலாம். நல்ல இந்திய வீரரை ஆண்டுக்கணக்கில் வளர்த்தே ஆக வேண்டும். வளர்த்தவரைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினம். அனிருத் தாபா பதினெட்டு வயதில் 2016-இல் இங்கே வந்தவர். 2018 கோப்பை அணியில் ஆடினார், தலைவரானார். 2023-இல் மோகன் பகானுக்குப் போய்விட்டார். அப்படி ஒரு தூண் போனால் அடுத்த தூண் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

2025-இல் கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்டு மிராண்டா தலைமைப் பயிற்சியாளரானார். சென்னைக்காரரான சபீர் பாஷா இதற்கு முன் இடைக்காலமாக அப்பொறுப்பைப் பார்த்திருக்கிறார். ஆனால் நிரந்தரப் பொறுப்பில் ஓர் இந்தியர் அமர்ந்தது இதுவே முதல் முறை. மிராண்டா 2023-இல் ஒடிஷா அணிக்குச் சூப்பர் கோப்பையை வென்று தந்தவர். ஆனால் அவர் வந்த வேளை நல்ல வேளையாக இல்லை. லீக்கை நடத்துவது பற்றிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், போட்டி நடக்குமா என்பதே தெரியவில்லை. ஆகஸ்டில் நம் அணியும் தன் பணிகளை நிறுத்திவைத்தது. அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலிடம் 0-4 எனத் தோற்றது. லீக் ஒருவழியாக 2026 பிப்ரவரி 14-இல்தான் தொடங்கியது. அணிக்கு 13 ஆட்டங்கள் என்று சுருங்கிவிட்டது. கட்டத் தொடங்கும்போதே மழை பிடித்துக்கொண்ட வீடு போல ஆயிற்று மிராண்டாவின் நிலை.

இனி, ஆகஸ்டு இரவுக்கே திரும்புகிறேன். தாத்தா டைரியை மூடிவிட்டு, “நம்ம சாந்தோம் கோயிலைப் பாரு. போர்ச்சுகீசியர் கட்டினது பழசாப் போச்சு. 1896-ல புதுசா எழுப்பினாங்க. கோபுரம் மாறிச்சு, சுவர் மாறிச்சு. தோமையார் கல்லறை இருக்கிற இடத்தை மட்டும் யாரும் மாத்தலை. புதுசாக் கட்டுறவன் எதை இடிக்கலாம்னு மட்டும் பார்க்கக் கூடாது. எதை இடிக்கவே கூடாதுன்னும் பார்க்கணும். நீ உன் கோல்கீப்பரையே இடிச்சுட்டு வந்திருக்கியே கண்ணு” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மந்தைவெளியில் அந்தத் தங்கையின் வீட்டைத் தேடிப் போனேன். அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். “ஸ்கூல் அக்கா வந்திருக்காங்க பாரு” என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். அவள் கதவோரம் வந்து நின்றாள். நான் கொண்டுபோன கையுறைகளை நீட்டி, “நான் பேசியது தப்பு. என்னை மன்னித்துவிடு” என்றேன். எல்லார் முன்னிலையிலும் திட்டுவது எவ்வளவு எளிதாக இருந்ததோ, அவ்வளவு கடினமாக இருந்தது இது.

அவள் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா, தலைக்கு மேலே வர்ற பந்தை எப்படிப் பிடிக்கிறதுன்னு எனக்கு யாருமே சொல்லித் தரலை” என்றாள்.

ஆம், யாருமே சொல்லித் தரவில்லை! தலைவியான நான் அதை ஒருநாளும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு கோல் காத்த அக்காவுக்கு அன்று மாலையே தொலைபேசியில் பேசினேன். அடையாற்றில் கல்லூரியில் படிக்கும் அவர், நான்கு சனிக்கிழமைகள் சாந்தோம் கடற்கரைக்கு வந்து மணலில் விழுந்து, எழுந்து, தாவிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். போய்விட்ட தூண் என்று நான் நினைத்தவர், கூப்பிட்டதும் வந்து நின்றார்.

அடுத்த சோதனை ஜனவரியில் வந்தது. பிளஸ் டூவில் வேகமாக ஓடக்கூடிய மூன்று அக்காமார்களை அணியில் சேர்க்கலாம், வெற்றி கிடைக்கும் என்று ஆசிரியை யோசனை சொன்னார்கள். ஆனால் மூவரும் மார்ச்சில் போய்விடுவார்கள். மூன்று தங்கைகள் வெளியே உட்கார வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “ஓர் அக்கா மட்டும் போதும் மிஸ். மற்ற இரண்டு இடத்தையும் சின்னவர்களுக்கே கொடுங்கள். தோற்றால் நான் பொறுப்பு” என்றேன். ஆசிரியை என்னைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள்.

அதே எதிர் அணி. ஆகஸ்டில் ஆறு கோல் போட்டவர்கள் இம்முறை இரண்டுதான் போட முடிந்தது. நாங்களும் ஒன்று போட்டோம். தங்கை தலைக்கு மேலே வந்த பந்துகளைக் கண்ணை மூடாமல் பிடித்தாள். அவர்கள் போட்ட இரண்டாவது கோல் யாருடைய பிழை தெரியுமா? என்னுடையது! பந்தைத் தடுக்கப் போய் வழுக்கி விழுந்தேன். தலை குனிந்து கிடந்த என்னிடம் அவள் ஓடி வந்து, முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, “பரவாயில்லை அக்கா, எழுந்திருங்க” என்றாள். நான் ஆகஸ்டில் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

அன்புத் தோழிகளே! பெண்களுக்குக் கால்பந்து எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2018-லும் 2023-லும் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் நம் தமிழ்நாட்டு அணி முதலிடம் பெற்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கே ஆடியவர். அவர்களும் எங்கோ ஒரு மண் திடலில், யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துத்தானே தொடங்கியிருப்பார்கள்? ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பதை மயிலாப்பூரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று மறுபடியும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அடுத்த ஆண்டுப் பட்டியலை எழுதினேன். இம்முறை போகிறவர் ஒருவர். நிற்கிறவர்கள் பத்துப் பேர். நானும் அதற்கடுத்த மார்ச்சில் போய்விடுவேன். அப்போது தலைவியாக யார் வரலாம் என்று ஒரு பெயரைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அவள் மந்தைவெளியில் இருக்கிறாள், கோல் காக்கிறாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

தாத்தாவிடம் மட்டும் காட்டினேன். அவர் டைரியை எடுத்து, சென்னையின் எஃப்.சி.க்கு அடுத்த பக்கத்தில், நீல மையில் நம் பள்ளியின் பெயரை எழுதினார்.

— பதினோராம் வகுப்பு மாணவி